செம்மணி எலும்புகளுக்கு இரண்டு ஆய்வகங்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில், 2025 பெப்ரவரியில் தகனமேடை கட்ட மண் வெட்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். மே மாதம் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட என்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டுவிட்டன. அவற்றில் சிறு பிள்ளைகளின் கூடுகளும் இருந்தன. ஒரு நீலப் பள்ளிக்கூடப் பையும் ஒரு பொம்மையும் அவற்றோடு கிடந்தன. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த இந்தப் பணியை உங்கள் அரசு தடுக்கவில்லை, பணமும் ஒதுக்கியது. முந்தைய அரசுகளைப் பார்த்த எங்களுக்கு இது பெரிய மாற்றம்.

நான் எழுதுவது அடுத்த கட்டத்தைப் பற்றி. இந்த எலும்பு இன்னாருடையது, இன்ன காலத்தில், இன்னவிதமாக இறந்தார் என்று யார் சொல்லப்போகிறார்கள்? கிளிநொச்சியில் மகனைத் தேடும் தாயும் காலியில் இருக்கும் ஓய்வுபெற்ற சிப்பாயும் அந்தப் பதிலை ஒருசேர நம்பவேண்டும். இலங்கை அரசின் எந்த ஒரு திணைக்களத்தாலும் தனியாக அப்படியொரு பதிலைத் தர முடியாது. சந்தேகம் அரசின் படைகள் மீதே இருக்கும்போது, அரசே சான்றையும் வைத்துக்கொண்டு முடிவையும் அறிவித்தால் அது உண்மையாகவே இருந்தாலும் எடுபடாது.

இதை உங்களைவிட நன்றாக அறிந்த ஜனாதிபதி இந்த நாட்டில் இருந்ததில்லை. மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 2012இல் 150க்கும் மேற்பட்ட என்புக்கூடுகள் வெளிவந்தன. அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்று தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ கருதினார். 1987–89 கிளர்ச்சியில் காணாமலாக்கப்பட்ட உங்கள் கட்சித் தோழர்களின் பெற்றோர், தங்கள் பிள்ளைகளைக் கண்டுவிட்டதாக நினைத்தார்கள். பிறகு மாதிரிகள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்குப் போயின. எலும்புகள் 1950க்கு முற்பட்டவை என்று பதில் வந்தது. கோப்பு மூடப்பட்டது. அதே சோமதேவதான் இன்று செம்மணி அகழ்வை வழிநடத்துகிறார்.

மன்னாரில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுவே. சதொச வளாகத்தில் 2018இல் வெளிப்பட்ட 300க்கும் மேற்பட்ட என்புக்கூடுகளிலிருந்து சில மாதிரிகள் மட்டும் காபன் கணிப்புக்காக அமெரிக்கா சென்றன. பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை என்று 2019இல் அறிக்கை வந்தது. அந்த ஆய்வகம் பொய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. எலும்பின் வயதை மட்டும் கேட்டோம், அதை மட்டும் சொன்னார்கள். எந்த எலும்புகளைத் தேர்ந்தார்கள், வேறொரு ஆய்வகம் சோதித்தால் என்ன வரும், குழியில் கிடந்த பொருட்கள் என்ன சொல்கின்றன என்ற கேள்விகளெல்லாம் பதிலின்றியே போயின. வெளிநாட்டுக்கு ஒரு பொதியை அனுப்பிவைப்பது சர்வதேச ஒத்துழைப்பு ஆகாது.

பார்வையாளர்களை அழைப்பதும் போதாது. செம்மணியே அதற்குச் சாட்சி. யாழ்ப்பாணப் பள்ளி மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998இல் நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் வெளிநாட்டு நிபுணர்கள் பார்த்திருக்க, 15 உடல்கள் எடுக்கப்பட்டன. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கால் நூற்றாண்டு கழிந்தது.

கிருசாந்தி கொல்லப்பட்ட அதே 1996இல்தான், யூகோஸ்லாவியப் போர்களில் தொலைந்தோரைத் தேட, காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு உருவானது. ஸ்ரெப்ரெனிகாவில் கொல்லப்பட்டவர்களின் புதைகுழிகளைக் கொலையாளிகளே இயந்திரங்களால் மீண்டும் கிளறி, உடல்களை வேறிடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கிடந்தன. உறவினர்களிடம் இரத்தம் பெற்று மரபணுவை ஒப்பிட்டதால்தான், சுமார் 8,000 பேரில் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

சைப்பிரஸ் நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். அங்கே காணாமற்போனோர் பட்டியலில் 2,002 பேர். கிரேக்கரும் உண்டு, துருக்கியரும் உண்டு. நிக்கோசியாவில் ஐ.நா. பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும் ஆய்வகத்தில், இரு சமூகத்து இளம் விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் எலும்புகளை அடுக்குகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது ஆர்ஜென்டீனாவின் தடயவியல் மானிடவியல் குழு. தம் நாட்டு இராணுவ ஆட்சி புதைத்தவர்களைத் தேடுவதற்காக 1984இல் மாணவர்கள் தொடங்கிய குழு அது. சைப்பிரஸில் 1,000க்கும் அதிகமானோர் குடும்பத்தாரிடம் சேர்ந்துவிட்டனர். ஆனால் அங்குள்ள குழு, யார் கொன்றது என்று கேட்பதில்லை. அந்த விதியை மட்டும் நாம் இரவல் வாங்கக் கூடாது. அடையாளம் காண்பதும் குற்றத்தை விசாரிப்பதும் இங்கே சேர்ந்தே நடக்கவேண்டும்.

இனி, பாதுகாப்பு. தடயங்களைக் கையாளும் நிறுவனங்கள் எப்போதும் தாக்குதலுக்கு இலக்கானவை. 2018 ஏப்ரலில் ஹேக் நகரில், இரசாயன ஆயுதத் தடை அமைப்பின் கட்டடத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் காரை நிறுத்தி, அதன் பின்பெட்டியில் கருவிகளை வைத்து, அமைப்பின் கம்பியில்லா வலையமைப்புக்குள் நுழைய முயன்ற நான்கு ரஷ்ய உளவு அதிகாரிகளை நெதர்லாந்து பிடித்து வெளியேற்றியது. அதே அமைப்பிடம் நாம் கற்கவேண்டிய ஒரு வழக்கம் உண்டு. களத்தில் எடுத்த மாதிரியை அவர்கள் பிரித்து, இலக்கமிட்டு, அங்கீகரித்த ஆய்வகங்களில் குறைந்தது இரண்டுக்குத் தனித்தனியே அனுப்புவார்கள். இரண்டின் பதிலையும் வைத்துத்தான் பேசுவார்கள். ஒரேயொரு ஆய்வகத்தின் சொல்லை அவர்கள் உலகின் முன் வைப்பதில்லை. செம்மணிக்கும் அதுவே வேண்டும். ஒவ்வொரு பல்லும் தொடையெலும்புத் துண்டும் இரண்டு நாடுகளின் ஆய்வகங்களுக்குப் போகட்டும், ஒரு பங்கு நீதிமன்ற முத்திரையோடு இங்கேயே இருக்கட்டும்.

எங்கள் ஊரில் அச்சுறுத்த உளவாளிகள் வெளிநாட்டிலிருந்து வரத் தேவையில்லை. குருந்தூர்மலைப் பௌத்த விகாரை தொடர்பான வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி, உயிர் அச்சுறுத்தல் என்று கூறி 2023 செப்டெம்பரில் பதவியைத் துறந்து நாட்டைவிட்டுப் போனார். நீதிபதிக்கே இந்த நிலையென்றால், சாட்சி சொல்ல வரும் சாதாரண ஆளின் நிலையை நினைத்துப் பாருங்கள். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் புலனாய்வாளர்களின் வருகையைப் பற்றிப் பல வருடங்களாகவே முறையிட்டு வருகிறார்கள். அவர்களில் ஒரு தாய் நாளை மரபணு ஒப்பீட்டுக்காக இரத்தம் கொடுக்க வரும்போது, தன் குடும்பத்தின் மரபணு பொலிஸாரின் கோப்பில் ஏறுமோ என்று அஞ்சுவாள். பாதுகாப்பு அமைச்சும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. படையினரும் பொலிஸாரும் அந்தத் தரவைத் தொட முடியாதபடி சட்டம் கொண்டுவர உங்களால் முடியும். பிரதியொன்று நாட்டுக்கு வெளியே, ஒரு சர்வதேச அமைப்பின் காவலில் இருக்கவேண்டும். இங்கே ஆட்சி மாறினாலும் யாரும் அதை அழிக்க முடியாது.

எல்லாவற்றையும்விட அவசரமானது அந்த இரத்தம். எலும்பு இன்னும் சில வருடங்கள் பெட்டியில் காத்திருக்கும். தாய் காத்திருக்கமாட்டாள். 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரக் கொட்டில்களில் குந்தியிருக்கும் அந்தப் போராட்டத்தில் எத்தனையோ பெற்றோர் பதிலின்றியே இறந்துவிட்டார்கள். பெற்றோரின் மாதிரி இல்லாவிட்டால் சகோதரர்கள், மாமன்மார் என்று தூரத்து உறவுகளை வைத்துப் பொருத்தவேண்டும். அது கடினம், பல சமயம் முடியாமலே போகும். அகழ்வு முடியட்டும், வழக்கு நகரட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றே தொடங்கலாம்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டம் உங்கள் கூட்டணிக்கு முதலிடம் கொடுத்தது. 2025 ஜூனில் ஐ.நா. மனித உரிமை உயர்ஸ்தானிகர் ஃபோல்கர் டர்க் செம்மணிக்கு வந்து குழியருகே நின்றார். இந்த நம்பிக்கையும் கவனமும் இருக்கும்போதே நீங்கள் சர்வதேச ஆணைக்குழுவுக்கும் ஆர்ஜென்டீனக் குழுவுக்கும் முறையான அழைப்புக் கடிதம் எழுதவேண்டும். எங்கள் மருத்துவ, தொல்லியல் மாணவர்களை, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக, அவர்களிடம் பயிற்சிக்கு விடவேண்டும். இரத்தம் பெறும் நிலையங்களை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் வைத்தியசாலைகளில் மட்டுமன்றி மாத்தளையிலும் திறவுங்கள். உங்கள் தோழர்களின் தாய்மாருக்கும் வயதாகிவிட்டது. மாத்தளை எலும்புகளையும் இன்னொரு ஆய்வகம் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வடக்கிலிருந்து ஒரு குடிமகன்