பெருக்கல் கணக்கும் போபாலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பைத் தொழிற்சாலை ஒன்றைப் பார்வையிட அழைத்துச் சென்றார்கள். ஊரும் பெயரும் இங்கு வேண்டாம். அதன் அலுவலகச் சுவரில் பெரிய கட்டம் ஒன்று தொங்கியது. ஆபத்து நேரும் வாய்ப்பு ஒரு பக்கம். நேர்ந்தால் விளையும் சேதம் மறுபக்கம். இரண்டையும் பெருக்கி, வரும் எண்ணுக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். "எங்கள் கம்பெனிக்கு வரக்கூடிய ஆபத்து அத்தனையும் இதற்குள் அடக்கம்" என்றார் எங்களுக்குச் சுற்றிக்காட்டிய அதிகாரி. சிவப்புக் கட்டம் காலியாக இருந்தது.

பிறகு கீழே பம்ப் அறைக்குப் போனோம். அங்கு நின்ற பெரியவர் ஒருவரிடம், "இங்கே எதைக் கண்டால் ஐயா பயம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வால்வைக் காட்டினார். "இது ஆறு மாசமா சரியா மூடல தம்பி. எழுதிக் குடுத்தாச்சு" என்றார். திரும்பும்போது மேலே அந்தக் கட்டத்தில் வால்வைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

நிறுவனங்கள் தமக்கு வரக்கூடிய கேடுகளை முன்னரே எண்ணிப் பார்த்துத் தற்காத்துக்கொள்வதை இடர் மேலாண்மை என்கிறார்கள். இன்று இது பெரிய நிறுவனங்களுக்குச் சட்டமே விதித்த கடமை. இடர் மேலாண்மைக் கொள்கையை வகுத்து நடைமுறைப்படுத்தியது பற்றி இயக்குநர்கள் தம் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 500 நிறுவனங்கள் இதற்கெனத் தனிக் குழு அமைக்க வேண்டும் என்றிருந்ததை 2021இல் முதல் 1000 என்று விரித்தது செபி. நல்லதுதான். குழு கூடுகிறது, பதிவேடு நிரம்புகிறது, கையெழுத்தும் ஆகிறது. ஆனால் கணக்குப் படிப்பவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம். அந்தப் பதிவேட்டின் பெருக்கலிலேயே பிழை இருக்கிறது என்பதுதான் அது.

நிகழ்தகவுப் பாடத்தில் நாம் முதலில் கற்கும் விதிகளுள் ஒன்று பெருக்கல் விதி. ஒரு கதவுக்கு மூன்று பூட்டுகள். ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு தடவை பழுதாகும் என்றால், மூன்றும் ஒருங்கே பழுதாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. கேட்கவே நிம்மதியாக இருக்கிறது அல்லவா? ஆனால் நம் பேராசிரியர் கரும்பலகையில் அடிக்கோடிட்டுக் காட்டிய சொல் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அந்த நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று 'சாராதவை'யாக இருக்க வேண்டும். மூன்று பூட்டையும் ஒரே ஆள் திறந்து வைத்துவிட்டுப் போனால் பத்து லட்சம் எங்கே, கதவு எங்கே?

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நடந்தது இதுதான். யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்தின் ஆலையில் 610 என்ற எண்ணுள்ள தொட்டியில் 40 டன்னுக்குக் குறையாத மீதைல் ஐசோசயனேட் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்தது. (எப்படிப் புகுந்தது என்பதில் நிறுவனம் ஒன்று சொன்னது, தொழிலாளர் வேறொன்று சொன்னார்கள். என் வாதத்துக்கு அந்த வழக்குத் தேவையில்லை.) தண்ணீர் பட்டால் கொதித்து ஆவியாகும் அந்தப் பொருளைக் காக்க அங்கே பூட்டுகளுக்குப் பஞ்சமில்லை. தொட்டியைக் குளிர்விக்க ஒரு குளிர்பதன எந்திரம். வாயு வெளியேறினால் அதைக் காஸ்டிக் சோடாவில் கழுவி எடுக்க ஒரு கோபுரம். அதையும் மீறி வந்தால் எரித்து அழிக்க எரிகோபுரம். எதுவும் உதவாவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அமுக்கக் குழாய்கள். ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு முறைதான் கைவிடும் என்று வைத்தாலும், நான்கும் சேர்ந்து கைவிடுவது பத்துக் கோடியில் ஒன்று. எந்தப் பதிவேட்டிலும் இது பச்சைக் கட்டத்தில்தான் விழும்.

அன்றிரவு நிலைமை என்ன? குளிர்பதன எந்திரம் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கழுவும் கோபுரம் இயங்காமல் வைக்கப்பட்டிருந்தது. எரிகோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு அரித்துப் போனதால் கழற்றப்பட்டு, மாற்றப்படாமல் கிடந்தது. பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளிவந்த உயரத்தை எட்டவே இல்லை. தொட்டிப் பிரிவில் ஆட்களும் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தனர்.

இவை தனித்தனி விபத்துகள் அல்ல. ஆலை நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பூச்சிமருந்து எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. செலவைக் குறை என்று உத்தரவு. அந்த ஒரே கை எல்லாப் பூட்டுகளையும் திறந்து வைத்தது. மின்செலவைப் பார்த்தவருக்கு எந்திரத்தை நிறுத்தியது நியாயம். சம்பளக் கணக்கைப் பார்த்தவருக்கு ஆள் குறைத்தது நியாயம். பராமரிப்பைப் பார்த்தவருக்கு உற்பத்தி நின்றிருக்கும் வேளையில் குழாயைக் கழற்றியது நியாயம். ஒவ்வொரு பேரேட்டிலும் வரவு. கூட்டிப் பார்க்கத்தான் ஒரு பேரேடு இல்லை. எரிவாயுவால் மாண்டவர் என்று மாநில அரசு உறுதிசெய்த எண்ணிக்கை 3,787. பாதிக்கப்பட்டோருக்காகப் போராடுவோர் சொல்லும் எண்ணிக்கை இதைப்போல் பன்மடங்கு.

முன்னறிவிப்பு இல்லாமல் வந்த கேடா இது? 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி மாண்டார். 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த வல்லுநர் குழு ஆலையைச் சோதித்துக் குறைகளை எழுதியே கொடுத்தது. அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், ஊருக்குக் கேடு வரப்போகிறது என்று அபாயச் சங்கு ஊதினார். அன்றிரவும் கண்ணெரிச்சலை முதலில் உணர்ந்தவர்கள் தொழிலாளர்களே. ஆனால் சின்னக் கசிவு அங்கே அன்றாடம் பழகிப்போன ஒன்று. தேநீர் வேளைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஊருக்குக் கேட்கும் ஆலைச் சங்கோ, சற்றே ஒலித்து நிறுத்தப்பட்டது.

ஏழை நாட்டு ஆலை, அதனால் இப்படி என்று சிலர் சொல்வதுண்டு. செல்வம் கொழிக்கும் நாசாவிலும் இதே கதைதான். 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி எழுவர் மாண்டனர். முந்தைய இரவு, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதாடினர், மேலாளர்கள் கேட்கவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன் ஒன்றைக் கண்டார். விண்ணோடம் அழியும் வாய்ப்பு மேலாளர் கணக்கில் ஒரு லட்சத்தில் ஒன்று. வேலை செய்யும் பொறியாளர் கணக்கில் நூற்றில் ஒன்று. 2011இல் அத்திட்டம் முடிந்தபோது பறந்தவை 135, அழிந்தவை 2. யார் கணக்கு உண்மைக்கு அருகில் இருந்தது என்பதை வகுத்துப் பார்க்கக் கால்குலேட்டர் தேவையில்லை.

பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வணிகவியல் நண்பன் ஒருவன், "பதிவேடு இருக்கும்போதே இந்தக் கதி என்றால், இல்லாவிட்டால்?" என்று மடக்கினான். சரிதான். ஆனால் ஒவ்வொரு துறையும் தன் ஆபத்தைத் தானே எழுதித் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது, மாணவனே விடைத்தாள் திருத்துவது போன்றது. செலவைக் குறைக்கும் ஒவ்வோர் ஆணையும் அந்தப் பதிவேட்டில் ஓர் ஆபத்தாகப் பதிய வேண்டும். அந்த ஆணை எத்தனை பூட்டுகளை ஒருசேரத் தொடுகிறது என்றும் எழுத வேண்டும். பம்ப் அறைப் பெரியவரும் அதில் எழுதலாம், அவருக்கு இத்தனை நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும் என்ற விதியும் தேவை. ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் குறை கண்ட தொழிலாளி தம் வரிசையையே நிறுத்தலாம். அங்கே கம்பெனி ஒன்றும் மூழ்கிவிடவில்லையே!

இதை எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். என் அப்பா சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறார். சத்தத்தை வைத்தே அதன் நிலையைச் சொல்லிவிடுவார். அவர் எழுதிய பதிவேடு என்று எதுவும் கிடையாது. நானோ பட்டம் பெற்று, மேலே குளிர்சாதன அறையில் அமர்ந்து கட்டங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்கே போகக்கூடும். விடுமுறையில் அந்தக் கட்டத்தைத் தாளில் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இத எழுதுறவங்க கீழ இறங்கி வருவாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அந்த வால்வைப் பற்றி விசாரித்து, எங்கள் பேராசிரியரின் ஒப்புதலோடு அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். ஆண்டுமலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை பதில் வரவில்லை.