‘இருப்பாராக’ என்னும் ஜெபமும் ‘இருப்பார்’ என்னும் முழக்கமும்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 8:54–61, 22:1–38



எருசலேம் தேவாலயப் பிரதிஷ்டையின்போது சாலொமோன் தன் விண்ணப்பத்தை முடித்து, முழங்காற்படியிலிருந்து எழுந்து, சபையார் அனைவரையும் ஆசீர்வதித்தான். அந்த ஆசீர்வாதத்துக்குள் ஒரு வேண்டுதல் உண்டு. நம் பிதாக்களோடு இருந்த தேவன் நம்மோடும் இருக்கவேண்டும் என்பதே அது. எதற்காக இருக்கவேண்டும் என்பதையும் அடுத்த வசனத்திலேயே அவன் சொல்லிவிடுகிறான். நம்முடைய இருதயம் அவர்பால் சாய்ந்து, நாம் அவருடைய வழிகளில் நடப்பதற்காக.

1914 ஆகஸ்டு 6ஆம் நாள், முதல் உலகப்போரின் தொடக்க நாட்களில், ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தம் மக்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். அதன் முடிவைப் படிக்கும் வேத மாணவன் எவனுக்கும் சாலொமோனின் வேண்டுதல் நினைவுக்கு வரும். முன்னோரோடு இருந்ததுபோலவே நம்மோடும் இருக்கப்போகிற தேவனோடு முன்னேறுங்கள் என்பதே அதன் கருத்து. சாலொமோன் ‘இருப்பாராக’ என்று கேட்டான். பேரரசர் ‘இருப்பார்’ என்று அறிவித்துவிட்டார். நம் இலக்கணத்தில் சொன்னால், வியங்கோள் வினை எதிர்கால வினைமுற்றாயிற்று. ‘ஆக’ என்னும் சிறு விகுதி உதிர்ந்தது. அதனோடு தேவபயமும் உதிர்ந்தது. இருதயம் தேவன்பால் சாயவேண்டும் என்ற அடுத்த வசனமோ அடியோடு விடப்பட்டது.

இந்த அறைகூவலின் வரைவில் கைகொடுத்தவர் அடோல்ஃப் ஃபான் ஹார்னாக். இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு பயின்ற எவருக்கும் இந்தப் பெயரை அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. வில்ஹெல்ம் வேதபண்டிதர் அல்லர். அவருக்கு வேதவாக்கியத்தை எடுத்து நீட்டியவர் ஒரு வேதபண்டிதர். இன்றைய தியானத்தின் பாரம் இதுதான். போருக்குப் புறப்படும் தலைவனுக்குப் பீரங்கிக்கும் பணத்துக்கும் முன்பாகச் சொல் தேவைப்படுகிறது. ஒரு தாய் தன் மகனை வாசலில் நின்று வழியனுப்பவேண்டுமானால், வரிப்பணமோ எல்லைக்கோடோ அவளுக்குப் போதிய காரணம் ஆகாது. அதைவிடப் பெரிய சொல் வேண்டும். அந்தப் பெரிய சொல்லைத் தலைவன் நம்மிடம் கடன் கேட்கிறான். நாமும் கணக்குப் பாராமல் கொடுக்கிறோம்.

அந்த நாட்களை உற்றுப் பாருங்கள். ஜூலை 31 அன்று பெர்லின் அரண்மனையின் மாடத்தில் நின்று பேசிய பேரரசர், பட்டயம் நம் கையில் வலுக்கட்டாயமாகத் திணிக்கப்படுகிறது என்றார். ஆலயத்துக்குப் போய் முழங்காலிட்டுச் சேனைக்காக ஜெபியுங்கள் என்று கூட்டத்தை அனுப்பிவைத்தார். ஆகஸ்டு 4 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்பாக, இனி எனக்குக் கட்சிகள் தெரியா, ஜெர்மானியர்களை மட்டுமே தெரியும் என்றார்; நாடு பிடிக்கும் ஆசை எங்களுக்கு இல்லை என்றும் சொன்னார். அதே நாளில் அவருடைய சேனை, சண்டைக்கு வராத சின்னஞ்சிறு பெல்ஜியத்தின் எல்லைக்குள் நுழைந்தது.

அன்று காலை பெர்லின் பேராலயத்தில் அரசவைப் போதகர் எர்ன்ஸ்ட் டிரையாண்டர் பிரசங்கித்தார். அவர் எடுத்துக்கொண்ட வசனம் ரோமர் 8:31. தேவன் நம் பட்சத்தில் இருந்தால் நமக்கு விரோதி யார் என்று பவுல் கேட்கும் இடம் அது. ஆனால் பவுலின் அந்த அதிகாரத்திலும் ஒரு பட்டயம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நான்கு வசனங்கள் தள்ளி, பசியோடும் நிர்வாணத்தோடும் சேர்த்து அதை அவர் எண்ணுகிறார். அது விசுவாசியின் கையிலுள்ள பட்டயம் அன்று. அவன் கழுத்தை நோக்கி வருகிற பட்டயம். அடிக்கப்படும் ஆடுகளுக்குரிய ஆறுதலை எடுத்து, அடிக்கப் புறப்பட்ட சேனைக்கு வழங்குவது என்ன வியாக்கியானம்?

ஜெர்மானியரை மட்டும் குற்றம் சாட்டி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1914 செப்டம்பர் 19 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் டேவிட் லாயிட் ஜார்ஜ் பேசினார். அவர் வேல்சு நாட்டுச் சிற்றாலயப் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர். சபையில் பிரசங்கித்த மாமனின் வீட்டில் வளர்க்கப்பட்டவர். அந்த உரையில் தியாகம் என்பது வானத்தை நோக்கி விரல் நீட்டும் மலைச்சிகரம் ஆயிற்று. 1916 ஜூலை 1 அன்று, சோம் நதிப் போரின் முதல் நாளில் மட்டும், பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். தியாகம் என்ற சொல் வேதத்தில் பலிபீடத்தைச் சேர்ந்தது. அங்கே தன்னையே கொடுத்தவர் ஒருவர் உண்டு. மேடையில் அது மற்றவர்களின் பிள்ளைகளைக் கொடுப்பதைக் குறிக்கும் சொல்லாக மாறியது. லண்டன் பேராயர் வின்னிங்டன்-இங்ராம் 1915இல் செய்த பிரசங்கத்தில், ஜெர்மானியரைக் கொல்வதை ஒரு மாபெரும் சிலுவைப்போராகவே சித்திரித்தார். அவரை அரசன் கட்டாயப்படுத்தவில்லை. கேளாமலே கொடுத்த கடன் அது.

அமெரிக்காவில் உட்ரோ வில்சன், பிரஸ்பிட்டேரியன் போதகரின் மகன். நம்மைப் போரிலிருந்து விலக்கிக் காத்தவர் என்ற முழக்கத்தோடு அவருடைய கட்சியார் 1916 இறுதியில் வாக்குக் கேட்டார்கள். 1917 ஏப்ரல் 2 அன்று அவரே போர் அறிவிக்கும்படி காங்கிரசைக் கேட்டார். மக்களாட்சிக்கு உலகைப் பாதுகாப்பானதாக்குவதற்காக என்றார்; வோர்ம்ஸ் மன்றத்தில் மார்ட்டின் லுத்தர் சொன்னதாக வழங்கும் வார்த்தைகளின் எதிரொலியோடு உரையை முடித்தார். பேரரசனுக்கு முன்பாகத் தனியனாக நின்ற துறவியின் குரல், இப்போது ஒரு பேரரசின் குரலாயிற்று. பின்பு ஏறத்தாழ 75,000 தன்னார்வப் பேச்சாளர்கள் திரையரங்குகளிலும் ஆலயங்களிலும் நான்கு நிமிட உரைகள் ஆற்றி அந்தச் சொல்லைப் பரப்பினார்கள். மாற்றிப் பேசிய யூஜின் டெப்ஸ் என்னும் தலைவருக்கு 1918இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்தச் சொற்களின் அலை ஐரோப்பாவோடும் அமெரிக்காவோடும் நிற்கவில்லை. நம் கரையையும் தொட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததையும், அந்தப் பெயர் நம் பேச்சுவழக்கில் புகுந்ததையும் எல்லோரும் அறிவோம். அதே போர் தரங்கம்பாடி வட்டாரத்து லுத்தரன் சபைகளுக்குச் செய்ததைப் பலர் அறியார். நம் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர்கள், ‘எதிரி நாட்டார்’ என்ற ஒரே சொல்லால் காவலில் வைக்கப்பட்டு, பின்பு நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற பணியைச் சுவீடன் நாட்டு ஊழியர்கள் தாங்கினார்கள். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. தேவன் தீமையிலிருந்தும் நன்மையை விளைவிக்கிறார் என்பது மெய். ஆயினும் நேற்றுவரை ‘ஐயர்’ என்று அழைக்கப்பட்டவரை இன்று ‘எதிரி’ ஆக்க ஒரு முழக்கம் போதுமாயிருந்தது என்பதையும் மறவாதிருப்போம்.

இது பழங்கதை என்று யாரும் எண்ணவேண்டாம். 2022 மார்ச் 18 அன்று, உக்ரைன்மீது படையெடுத்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மாஸ்கோவின் விளையாட்டரங்கில் ரஷ்ய அதிபர் விளாதிமிர் புட்டின் யோவான் 15:13ஐ எடுத்துப் பேசினார். சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கும் அன்பைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன வசனம் அது. அவர் அதைச் சொன்ன அதே இரவில்தான், பட்டயத்தை உறையிலே போடு என்று பேதுருவுக்குக் கட்டளையிட்டார். மேடையில் அந்தப் பாதி வாசிக்கப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஆள்திரட்டும் ஆணை பிறந்த சில நாட்களில், ரஷ்யத் திருச்சபையின் தலைவர் கிரில், படைக்கடமையில் சாகிறவனின் அந்தப் பலி அவன் பாவங்களையெல்லாம் கழுவிவிடும் என்று பிரசங்கித்தார். அன்பானவர்களே, பாவத்தைக் கழுவும் இரத்தம் ஒன்றே. அதற்கு இணையாக வேறோர் இரத்தத்தை வைக்கும் உரிமையை எந்தப் பிரசங்கபீடத்துக்கும் யாரும் கொடுக்கவில்லை.

ஆகாபின் அரண்மனையிலும் இதுவே நடந்தது. கீலேயாத்திலுள்ள ராமோத்தின்மேல் போருக்குப் போகலாமா என்று அவன் கேட்டபோது, நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாயாய்ப் போகச் சொன்னார்கள். சிதேக்கியா இருப்புக் கொம்புகளைச் செய்து காட்சியும் காட்டினான். இம்லாவின் குமாரன் மிகாயாவை அழைக்கப்போன ஆள், நீரும் மற்றவர்களைப்போலவே நல்வார்த்தை சொல்லும் என்று வழியிலேயே அறிவுரை கூறினான். மிகாயாவோ, மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல இஸ்ரவேல் மலைகளில் சிதறுண்டதைக் கண்டதாகச் சொன்னான். கன்னத்தில் அறை வாங்கிச் சிறைக்குப் போனான். முடிவு என்ன? நானூறு பேரின் வாக்கைக் கேட்டு மகிழ்ந்த ஆகாப், போர்க்களத்துக்கு மாறுவேடத்தில் போனான். தான் பரப்பிய சொல்லை அவனே நம்பவில்லை! வில்ஹெல்மும் 1918 நவம்பரில் நெதர்லாந்துக்குத் தப்பிப்போய், 1941வரை அங்கே மாளிகையில் வாழ்ந்தார். அவருடைய சொல்லை நம்பிப் போனவர்களில் ஏறத்தாழ இருபது லட்சம் பேர் வீடு திரும்பவில்லை.

சிலர் மறுத்துரைப்பார்கள். ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியும்படி ரோமர் 13 சொல்லவில்லையா என்பார்கள். சொல்கிறது. அவர்களுக்காக ஜெபிக்கும்படியும் வேதம் பணிக்கிறது. ஆனால் ஜெபிப்பது வேறு, உரை எழுதிக் கொடுப்பது வேறு. வரியை இராயனுக்குச் செலுத்தச் சொன்னவர், தேவனுடையதைத் தேவனுக்குச் செலுத்தவும் சொன்னார். தேவனுடைய நாமம் தேவனுடையது. அதை வீணிலே வழங்காதிருக்கும்படி கற்பனையும் உண்டு.

வேறு சிலர், ஹிட்லரை எதிர்க்கவேண்டியிருந்ததே, அப்போது மக்களைத் தட்டியெழுப்பும் பேச்சு தேவைப்படவில்லையா என்பார்கள். தேவைப்பட்டது. தலைவன் பேசுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. 1940 மே 13 அன்று சர்ச்சில், இரத்தமும் உழைப்பும் கண்ணீரும் வியர்வையும் தவிரத் தம்மிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்றார். டன்கர்க்கிலிருந்து சேனை மீண்டபோது, பின்வாங்கியதை வெற்றி என்று எண்ணாதீர்கள் என்று எச்சரித்தார். விலையை மறைக்காத பேச்சு அது. ஆயினும் அந்தப் போரிலேயே, 1944 பிப்ரவரி 9 அன்று, சிச்செஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் பிரபுக்கள் சபையில் எழுந்து, ஜெர்மானிய நகரங்களை முழுமையாகக் குண்டுவீசி அழிப்பது நியாயமா என்று தம் சொந்த அரசையே கேட்டார். நியாயமான போருக்கும் மிகாயா தேவை. நியாயம் தன் பக்கம் இருப்பதாக நம்புகிறவனே எல்லை மீறுவதற்கு எளிதில் துணிகிறான்.

தலைவர்கள் வேறுவிதமாகப் பேசமுடியாதா? முடியும். முதல் உலகப்போருக்கு அரை நூற்றாண்டு முன்னரே ஒருவர் பேசிக் காட்டியிருக்கிறார். 1865 மார்ச் 4 அன்று, உள்நாட்டுப் போரில் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்று ஆற்றிய உரை எழுநூறு சொற்கள் அளவே. இரு தரப்பாரும் ஒரே வேதத்தை வாசிக்கிறார்கள், ஒரே தேவனிடம் ஜெபிக்கிறார்கள், இருவர் ஜெபமும் முழுமையாகக் கேட்கப்படவில்லை, சர்வவல்லவருக்கு அவருடைய நோக்கங்கள் உண்டு என்றார். அடிமை முறை என்னும் அக்கிரமத்துக்கான தண்டனையை வடக்கும் தெற்கும் சேர்ந்தே சுமப்பதாகச் சொன்னார். தேவனுடைய நோக்கமும் தங்கள் நோக்கமும் வேறு என்று காட்டப்படுவதை மனிதர் விரும்பமாட்டார்கள் என்று சில நாட்களில் கடிதமும் எழுதினார். வெற்றி பெறப்போகிறவன் ‘இருப்பார்’ என்று முழங்காமல், ‘இருப்பாராக’ என்ற இடத்துக்குத் திரும்பி வந்த அரிய தருணம் அது.

ஆகவே உடன் ஊழியர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாட்டில் எந்தப் போர் மூண்டாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிரசங்கபீடம் எதைச் சொல்லும் என்பதை இன்றே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எக்காளம் ஊதிய பின்பு தீர்மானிக்க நேரம் இராது. நானூறு பேரின் சத்தம் காதை அடைத்துவிடும். படைவீரருக்காக ஜெபியுங்கள், அதே ஜெபத்தில் எதிரி நாட்டுத் தாய்மாருக்காகவும் ஜெபியுங்கள்.

சபையாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தலைவர் ஒருவர் தேவனுடைய நாமத்தைச் சொல்லும்போது கைதட்டுவதற்கு முன், அவர் கேட்கிறாரா, அறிவிக்கிறாரா என்று வினைச்சொல்லின் முடிவைக் கூர்ந்து கேளுங்கள். அவர் எடுத்த வசனத்துக்கு அடுத்த வசனத்தை வீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். எரிகோவுக்கு அருகே உருவின பட்டயத்தோடு நின்றவரைப் பார்த்து, நீர் எங்களைச் சேர்ந்தவரோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ என்று யோசுவா கேட்டான். இரண்டும் அல்ல என்பதே அவனுக்குக் கிடைத்த பதில். அதைக் கேட்ட யோசுவா முகங்குப்புற விழுந்தான். தன் பாதரட்சையைக் கழற்றினான். பட்டயத்தைத் தூக்கும் முன்பு ஒரு தலைவன் செய்யவேண்டியது அதுதான். அவனோடு நாமும் செய்யவேண்டியது அதுதான்.

நம் பிதாக்களோடு இருந்த தேவன் நம்மோடும் இருப்பாராக. நம் இருதயத்தைத் தம் பக்கமாய்ச் சாயப்பண்ணுவாராக. ஆமென்.