குழாயோடு வெளியே வரட்டும்

வீட்டில் ஆக்சிஜன் வைத்தாலே ‘கடைசிக் கட்டம்’ என்று உறவுகள் முடிவுகட்டிவிடுகின்றன. தவறு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் ரத்த ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்குத் தினமும் 15 மணி நேரமாவது அதைக் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று 1981-லேயே பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது. பிறகு ஏன் அவர்களைக் கட்டிலிலேயே முடக்குகிறோம்? குழாய் நீளமாக இருந்தால் திண்ணைக்கு வரலாம்; தள்ளுவண்டியில் சிறு சிலிண்டர் இருந்தால் கல்யாணத்துக்கே போகலாம். காது மடலில் குழாய் உரசிப் புண்ணாகும் இடத்தில் கொஞ்சம் பஞ்சு வைத்துவிடுங்கள். பூஜை விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் அருகில் கூடாது. கரன்ட் போனால், ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவி நின்றுவிடும். மாற்று சிலிண்டர் கட்டாயம். 1,500 லிட்டர் கொண்ட பி டைப் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் தாங்கும். ராத்திரியிலும் நிரப்பித் தருகிற கடை எது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.