மறைத்து வைத்த முகம்



தம்மை மறைத்துக்கொண்டு வாழும் ஒருவரை மற்றொருவர் உண்மையாக நேசிக்க இயலுமா? அவ்வாறு நேசித்தாலும் அந்த நேசம் யாரைச் சென்றடையும்? மறைந்திருக்கும் மனிதரையா, அவர் அணிந்திருக்கும் முகமூடியையா? திருமணத்தை எதிர்நோக்கும் இளையோர்க்கும், மணமாகிப் பல ஆண்டுகள் கண்ட தம்பதியர்க்கும் பொதுவான இக்கேள்வியைச் சிரிக்கச் சிரிக்கக் கேட்கிறது ஜப்பான் நாட்டுக் கதையொன்று.

'ஒட்டாக்குகளுக்குக் காதல் கடினம்' என்பது அதன் பெயர். சுருக்கமாக 'வொட்டாக்கொய்' என்பர். ஃபுஜிதா என்னும் புனைபெயர் கொண்ட ஓவியர் 2014-ஆம் ஆண்டில் இணையத்தில் வரையத் தொடங்கிய சித்திரக்கதை இது. பின்னர் நூல்வடிவம் பெற்று, 2021-இல் 11 தொகுதிகளுடன் நிறைவெய்தியது. 2018 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஃபுஜி தொலைக்காட்சியில் 11 பகுதிகள் கொண்ட அனிமே தொடராக, அதாவது அசையும் சித்திரப் படமாக, ஒளிபரப்பாயிற்று. 2020-இல் நடிகர்கள் தோன்றிய திரைப்படமும் வெளிவந்தது. பள்ளிப் பருவக் காதலைப் பாடும் அனிமே ஏராளம். இதில் வரும் நால்வரோ இருபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். ஒரே அலுவலகத்தில் மாதச் சம்பளத்திற்கு உழைப்பவர்கள்.

'ஒட்டாக்கு' என்றால் யார்? ஜப்பானிய மொழியில் அச்சொல்லின் நேர்ப்பொருள் 'உங்கள் இல்லம்' என்பதே. எதிரே இருப்பவரை மரியாதையுடன் விளிக்கவும் அது வழங்கும். சித்திரக்கதைகளிலும் அனிமேயிலும் மூழ்கிய இளைஞர்கள் தம்முள் இவ்வாறு விளித்துக்கொள்வதைக் கண்ட நக்கமோரி அக்கியோ என்னும் எழுத்தாளர், 1983-இல் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில் அதையே அவர்களுக்குப் பெயராகச் சூட்டி எள்ளினார். அதன்பின் 1989-இல் சிறுமியர் நால்வரைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவனுடைய அறையில் குவிந்து கிடந்த ஒளிப்பேழைகளைச் செய்தியாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டினர். ஒருவன் இழைத்த கொடுமையின் கறை, ஒருவருக்கும் தீங்கு செய்யாத பல்லாயிரவர் மேல் படிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கறை வெளிறியது என்பது மெய்யே. 2005-இல் ஒட்டாக்கு இளைஞன் ஒருவனின் காதலைக் கூறும் 'ரயில் மனிதன்' கதை, திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. எனினும் அலுவலகத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லப் பலருக்கு இன்னும் நாக் கூசுகிறது. நம் கதை இந்தக் கூச்சத்தில்தான் தொடங்குகிறது.

நாயகி மொமோசே நருமி கலகலப்பானவள்; எல்லாரோடும் இனிமையாகப் பழகுபவள். ஆயினும் அவளிடம் ஓர் இரகசியம் உண்டு. ஆடவர் இருவரிடையே காதல் அரும்புவதாகப் புனையப்படும் கதைகளில் அவளுக்குப் பெருவிருப்பம். இத்தகைய பெண்களை 'ஃபுஜோஷி' என்பர். 'கெட்டுப்போன பெண்' எனப் பொருள்படும் இச்சொல், அப்பெண்கள் தம்மைத் தாமே நகையாடி ஏற்றுக்கொண்ட பெயராகும். அக்கதைகளின் தராதரத்தை ஆராய்வது இங்கே நம் நோக்கமன்று. அதை மறைப்பதால் அவள் படும் பாடே நாம் காண வேண்டியது. முன்பு வேலை செய்த இடத்தில் அவளுக்கு ஒரு காதலன் இருந்தான். இவளுடைய விருப்பம் தெரிந்ததும் விலகிச் சென்றுவிட்டான். மனமுடைந்த நருமி அந்த வேலையையே விட்டுவிட்டு வேறொரு நிறுவனத்தில் சேருகிறாள். இம்முறை யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது என்பது அவளுடைய உறுதி.

அந்த உறுதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை! புதிய அலுவலகத்தில் அவள் முதல் நாளே சந்திப்பவன் நிஃபுஜி ஹிரோத்தாக்கா. சிறு வயதுத் தோழன். பள்ளியில் உடன் படித்தவன். விடியோ விளையாட்டுகளே உலகமென வாழ்பவன். அவளுடைய இரகசியம் முழுவதையும் அறிந்தவன். பிறர் முன்னிலையில் அவன் தற்செயலாக வாய்திறக்க, நருமி பதறிப்போகிறாள்.

அன்று மாலை பழைய நண்பர் இருவரும் அமர்ந்து பேசுகின்றனர். காதல் தனக்குக் கைகூடுவதில்லை என அவள் புலம்புகிறாள். அப்படியானால் என்னையே ஏற்றுக்கொள் என்கிறான் அவன். நிலவையும் மலரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. விளையாட்டில் அவள் தேடும் பொருள்கள் கிட்டும்வரை உடனிருந்து உதவுவதாகவும், அவள் வரைந்த நூல்களை விற்கும் நாளில் மேசையருகே துணை நிற்பதாகவும் வாக்களிக்கிறான். 1975-இல் தோன்றி, தோக்கியோவில் கோடையிலும் குளிர்காலத்திலும் கூடும் 'கொமிக்கெட்' என்னும் பெருஞ்சந்தையில், ரசிகர்கள் தாமே வரைந்து அச்சிட்ட நூல்களை விற்பது வழக்கம். அந்தக் கூட்டத்திலும் நெரிசலிலும் உன்னோடு இருப்பேன் என்பதே அவன் சொன்ன காதல் மொழி. அவளும் உடனே இசைகிறாள். காண்போர் நகைக்கின்றனர். ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: எந்தக் காரணத்திற்காக ஒருவன் அவளைக் கைவிட்டானோ, அதே காரணத்தைச் சுமக்கத் தோள் கொடுக்கிறான் மற்றொருவன்.

அதே அலுவலகத்தில் மூத்தவர்களான கொயனாகி ஹனக்கோவும் கபக்குரா தாரோவும் மற்றொரு இணையர். பள்ளி நாள் முதல் அறிமுகமானவர்கள். ஹனக்கோ கதைகளில் வரும் ஆண் பாத்திரங்களைப் போல் வேடம் புனைவதில் கைதேர்ந்தவள். இருவருமே ஒட்டாக்குகள்; ஆயினும் ஒருவர் போற்றும் கதையை மற்றவர் தூற்றுவார். ஓயாமல் சண்டையிடுவர். ஆனால் எதையும் மறைத்து வைத்துக்கொண்டு அவர்கள் சண்டையிடுவதில்லை. ஆதலால் அந்தச் சண்டைகளில் வடு இல்லை.

ஒத்த பொழுதுபோக்கு உடையவர்கள் இணைந்தால் காதல் எளிதாகிவிடும் என்பதுதானா இக்கதையின் முடிவு? அன்று. கதையின் தலைப்பே காதல் கடினம் என்கிறதே! ஹிரோத்தாக்கா அதிகம் பேசாதவன். உள்ளத்தில் இருப்பது முகத்தில் தெரியாது. அருகருகே அமர்ந்து விளையாடுவது அவனுக்கு எளிது. அன்பை எடுத்துரைப்பது அரிது. ஒருமுறை இருவரும் ஏனைய காதலரைப் போல் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்கின்றனர். அன்று முழுவதும் ஒட்டாக்குப் பேச்சே கூடாது, மீறினால் தண்டம் என்பது அவர்கள் வகுத்த விதி. விளைவு யாது? எத்தனையோ ஆண்டுகள் பழகிய அவ்விருவரும் பேச்சுக்குத் தடுமாறுகின்றனர். 'பிறரைப் போல் இருக்க வேண்டும்' என்னும் எண்ணம் வந்து இடையில் அமர்ந்ததும், இயல்பான தோழமை எழுந்து வெளியேறிவிடுகிறது.

இன்னொரு பாத்திரம் ஹிரோத்தாக்காவின் தம்பி நவோயா. இவன் ஒட்டாக்கு அல்லன். விளையாட்டில் படுமோசம், எத்தனை முறை முயன்றாலும் தோற்பான். எனினும் அண்ணனின் உலகத்தை அவன் ஏளனம் செய்வதில்லை. விளங்காவிட்டாலும் பக்கத்தில் அமர்ந்து ஆடிப் பார்க்கிறான். ஆகவே விருப்பம் ஒத்திருத்தல் அன்புக்கு இன்றியமையாதது அன்று, மதித்தலே இன்றியமையாதது.

அன்புக்குரியவர்களே, நம் இல்லங்களை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். கணவர் ஏதோ ஒன்றில் ஆழ்ந்திருப்பார்; தபால்தலை சேர்ப்பதாகவும் இருக்கலாம், பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுவதாகவும் இருக்கலாம். மனைவி இரவெல்லாம் கண்விழித்துத் தொடர்கதை படிப்பார். வளர்ந்த மகனோ மகளோ நமக்கு விளங்காத சித்திரங்களை வரைந்துகொண்டிருப்பர். நாம் ஒரு சொல்லால் நகைத்துவிட்டால், மறுநாள் அவர்கள் அதை நிறுத்திவிடுவதில்லை, நம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றனர். பொழுதுபோக்கு கடமையை விழுங்குமாயின் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டிப்பு வேறு, ஏளனம் வேறு. கண்டிக்கப்பட்டவர் திருந்தலாம், ஏளனம் செய்யப்பட்டவர் கதவைச் சாத்திக்கொள்வார்.

'ஒட்டாக்கு' என்னும் சொல்லின் முதற்பொருள் 'உங்கள் இல்லம்' எனக் கண்டோம். ஏளனம் அதை வசைச்சொல் ஆக்கிற்று. நருமிக்கோ, அஞ்சாமல் தானாக இருக்க ஓர் இடம் கிடைத்தது. அதற்கு இல்லம் என்பதன்றி வேறென்ன பெயர்? இன்று மாலை உணவுக்கு அமரும்போது, உங்கள் இல்லத்தில் ஒருவரிடம் அவருக்குப் பிடித்தமானதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். விடை விளங்காவிட்டாலும் இறுதிவரை கேளுங்கள்.