ஓடுமுன் நிற்கத் தெரிய வேண்டும்

விரைவுக் கார் என்றதும் குதிரைத்திறனையே பேசுகிறோம். பிரேக்கைப் பேசுவோர் சிலரே. ஜெர்மனியில் 1927இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் வடசுற்றில், குறித்த நாட்களில் கட்டணம் செலுத்தி எவரும் தம் சொந்தக் காரை ஓட்டலாம். நீளம் சுமார் 20.8 கிலோமீட்டர். பி.எம்.டபிள்யூ எம்3 போன்ற செடான்கள் அங்கே பாய்கின்றன.

எங்கள் வீட்டில் கார் இல்லை. ஆயினும் இயற்பியல் எல்லோர்க்கும் பொது அன்றோ! 1500 கிலோகிராம் கார் ஒன்று, நொடிக்கு 50 மீட்டர் வேகத்திலிருந்து 20 மீட்டருக்குக் குறைந்தால் 15,75,000 ஜூல் இயக்க ஆற்றலை இழக்கிறது. காற்றுத் தடையின் பங்கு போக, மீதியில் பெரும்பகுதி முன்சக்கர டிஸ்க்குகளில் வெப்பமாகிறது. அது ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். சாலைக்கென்று செய்த பேடு அளவுமீறிச் சூடேறினால் அதிலுள்ள பிசின் சிதைந்து பிடிப்புக் குறையும். தேய்மானமோ விரைந்து ஏறும். ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் திரவமும் கொதித்துவிட்டால் பெடல் அடிவரை அமுங்கிவிடும்.

"பந்தயப் பேட்டையே என்றும் மாட்டிக்கொள்ளலாமே" என்பர் சிலர். இதை நான் ஏற்கமாட்டேன். அது பெரும்பாலும் சூடேறிய பின்பே நன்றாகப் பிடிக்கும். வீடு திரும்பும் வழியில், குளிர்ந்த பிரேக்கின் முன் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால்? கீச்சொலியும் டிஸ்க் தேய்வதும் வேறு. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, களத்திலேயே மாற்றி மாட்டுவதே முறை. செலவாகும் என்பது அத்தகைய காரை வாங்கியவர் சொல்லும் சொல்லா? மனமில்லையேல் வேகத்தைக் குறைத்து, கடைசிச் சுற்றில் பிரேக்கை ஆறவிட்டு, நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டுவைக்கட்டும்.