தொண்டையில் வரும் காரம்
சாக்லேட்டும் மிளகாயும் போட்ட கறுப்பு பியர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. பியரை பியராக விட்டால் என்ன என்பார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்டோன் மதுவாலை 2014இல் முதலில் காய்ச்சிய ஷோகோவேசா என்ற அத்தகைய பியரை ருசித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொக்கோ, காபி, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் முதல் மடக்கிலேயே ஆஜர். ஈஸ்ட் தொடாமல் விட்டுவைத்த பால் சர்க்கரையின் இனிப்பும் கூடவே. மிளகாயைத்தான் காணோம்! விழுங்கிய பிறகு, தொண்டையில் மெல்லச் சூடேறுகிறது. அதில் சேர்ப்பது பசீயா என்னும் மெக்சிகோ வற்றல். காரம் கம்மி, உலர்திராட்சை வாசம் தூக்கல். ஸ்பானியர் வருமுன்பே அங்கே கொக்கோவில் மிளகாய் கலந்து, சர்க்கரையே இல்லாமல் குடித்திருக்கிறார்கள். எனவே இதைப் புதுமைப் பைத்தியம் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஜாதிக்காயை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.