ஹப்புத்தளைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

பாடசாலைச் சுற்றுலாப் பட்டியல்கள் மறுபடியும் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிட்டன. இரண்டு நாள், பதினான்கு இடம். நுவரெலியாவில் அரை மணித்தியாலம், எல்லவில் இருபது நிமிடம், ஹக்கல பூங்கா வாசலில் ஒரு குரூப் போட்டோ. ஹப்புத்தளை பெரும்பாலும் பட்டியலிலேயே இல்லை. இருந்தாலும் "போற வழியில் தேத்தண்ணி" என்றுதான் இருக்கும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கிலிருந்து புறப்படும் பாடசாலைகள் அந்தப் பதினான்கையும் விட்டுவிட்டு, ஹப்புத்தளைக்கு மட்டும் ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும்.

முதலில் பாதையைப் பாருங்கள். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நம் வீட்டு வாசலால் போகிற அதே ஏ4 வீதிதான் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, கொஸ்லந்தை தாண்டிப் பெரகலை வரை ஏறுகிறது. அங்கே வலப்பக்கம் திரும்பினால் ஹப்புத்தளை. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே, மலைத்தொடரின் முதுகில் உள்ள ஒரு கணவாயில் அமைந்த சின்ன டவுன். ஒரு பக்கம் பண்டாரவளை வரை ஊவா மேட்டுநிலம். மறுபக்கம் நிலம் அப்படியே கீழே விழுகிறது. சுபஹுக்குப் பிறகு வானம் தெளிவாக இருந்தால் தெற்குச் சமவெளி கடல் வரை தெரியும். நேரம் போகப் போக மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால்தான் இரவு அங்கே தங்க வேண்டும் என்கிறேன்.

இந்த மலை நமக்கு அந்நியமானதும் இல்லை. வருடத்தின் நடுப்பகுதியில் நம் ஊரில் கச்சான் காற்று வீசுகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைகளின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்த மலைகளைத் தாண்டி இறங்கும்போது சூடாகி, உலர்ந்து நம்மிடம் வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பதும் அந்த உலர்காற்றுதான். புவியியல் பாடத்தில் அம்புக்குறி போட்டு மாதக்கணக்கில் படிப்பிப்பதை, அந்தக் கணவாயில் நின்று பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏறும் வழியில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் 220 மீற்றர் உயரத் தியலும நீர்வீழ்ச்சி. வீதியில் நின்றே பார்க்கலாம். அதன் உச்சியில் உள்ள தடாகங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். வழுக்கும் பாறை, விளிம்பில் வேலியும் இல்லை. டவுனுக்கு அந்தப் பக்கம் 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை. அங்கிருந்து 7 கிலோமீற்றர் கொழுந்து மலைகளுக்குள்ளால் நடந்தால் லிப்டன் சீட். நடக்க முடியாதவர்களுக்கு ஓட்டோ இருக்கிறது. இன்னொரு பக்கம் 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷம் பங்களா, இப்போது அது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். அதையொட்டிப் பறவைகளுக்குப் பேர்போன தங்கமலைக் காடு. அந்தப் பெயரே தமிழ்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த இடங்களை விட எனக்கு முக்கியம் அங்குள்ள மனிதர்கள்.

அந்த மலைகளில் கொழுந்து பறிக்கிறவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள். வெளிநாட்டுக்காரர் போட்டோ மட்டும்தான் எடுக்க முடியும். நம் பிள்ளைகள் "அக்கா, எத்தனை மணிக்கு மலைக்கு வந்தீங்க? ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுக்கணும்?" என்று கேட்கலாம். கேட்டால் அவர்கள் சொல்வார்கள். அனுமதி கேட்காமல் போனைத் தூக்கக் கூடாது, லயத்துக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிட வேண்டும். நம் வீட்டு உம்மாவை யாராவது அப்படிப் படம் எடுத்தால் நாம் பொறுப்போமா?

கொஸ்லந்தையைத் தாண்டும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மண் மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. 2004 சுனாமியைப் பார்த்த ஊர்களின் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நம் கடலுக்கும் அவர்கள் மலைக்கும் நடுவே என்ன ஒற்றுமை என்று அவர்களே யோசிப்பார்கள்.

"இவ்வளவு காசு வாங்கிட்டு ஒரே ஊரா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடன் வாங்கிக் காசு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பதினான்கு இடத்துக்கான காசில் பெரும்பகுதி டீசலுக்குப் போகிறது. நேரத்தைப் பிடிக்க டிரைவர் வெல்லவாய இறக்கத்தில் இரவில் ஓடுகிறார், பின்னால் பாட்டுப் பெட்டி அலறுகிறது. அந்த வளைவுகளில் பகலில் போவதற்கே கவனம் வேண்டும். ஒரே ஊர் என்றால் சாரதி தூங்கி எழும்பலாம், டவுன் பள்ளிவாசலில் அவசரமில்லாமல் லுஹர் தொழலாம், கழிப்பறைக்காகப் பெண் பிள்ளைகள் மணிக்கணக்கில் பொறுத்திருக்கவும் தேவையில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வகுப்புகளில் பலருக்குச் சாதாரண தரத்துக்கு முன் போகும் இந்த ஒரு பயணம்தான் ஊரை விட்டுத் தூரம் போகக் கிடைக்கும் சந்தர்ப்பம். அதை ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் முடித்து அனுப்புவது அநியாயம்.

ஆசிரிய நண்பர்களே, அதிபர்மாரே, அடுத்த சுற்றுலாக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு தடவை முன்வையுங்கள். பெற்றோரே, பிள்ளை திரும்பி வந்ததும் எத்தனை இடம் பார்த்தாய் என்று கேட்காமல், யாரோடு பேசினாய் என்று கேளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.